1873: ஜப்பானியக் குடியானவன் வீட்டுக்கு அரசாங்கம் வந்த ஆண்டு

கேள்வி இதுதான்: "மெய்ஜி காலம் என்றாலே எல்லாரும் 1868ஐச் சொல்கிறார்கள். ஜப்பான் உண்மையில் மாறியது எந்த ஆண்டில்? ஒரே ஓர் ஆண்டைத்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?"

நான் 1873ஐச் சொல்வேன்.

1868 ஜனவரியில் நடந்தது ஆட்சி மாற்றம். தொகுகவா ஷோகன் (ராணுவ ஆட்சியாளர்) குடும்பம் 260 ஆண்டுகளுக்கு மேல் கையில் வைத்திருந்த அதிகாரத்தை, சத்சுமா, சோஷூ முதலிய மேற்குச் சிற்றரசுகளின் சாமுராய்கள் பேரரசர் மெய்ஜியின் பெயரைச் சொல்லிப் பறித்துக்கொண்டார்கள். வயலில் நின்ற குடியானவனுக்கு அதனால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. முன்பு யாருக்கு நெல் அளந்தானோ அவருக்கே தொடர்ந்து அளந்தான். 1871இல் சிற்றரசுகள் எல்லாம் ஒரே ஆணையில் கலைக்கப்பட்டு மாவட்டங்கள் ஆனது நிச்சயமாகப் பெரிய காரியம். ஆனால் அதுவும் மேலிடத்துக் காரியம்தான். 1873இல்தான் அரசாங்கம் குடியானவனுடைய வீட்டு வாசலுக்கு வந்தது. அவனுடைய பஞ்சாங்கம், அவனுடைய மகன், அவனுடைய நிலம் என்று மூன்றிலும் ஏழே மாதத்துக்குள் கை வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் தலைவர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஜப்பானுக்குள் நடந்த பெரிய சண்டைகளில் அநேகம் இந்த ஆண்டில் வேர்விட்டவை.

அப்போது நாட்டை யார் நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இவகுரா தொமோமி, ஓகுபோ தொஷிமிச்சி, கிதோ தகயோஷி, இதோ ஹிரோபுமி என்று புதிய அரசின் பாதி மூளை 1871 டிசம்பரில் யோகோஹாமாவில் கப்பல் ஏறி, அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் பார்க்கப் போய்விட்டது. சான்ஜோ சனெதோமி, சைகோ தகமோரி, இதகாகி தைசுகே, எதோ ஷிம்பெய், ஓகுமா ஷிகெனொபு ஆகியோர் ஊரில் இருந்து ஆட்சியைக் கவனித்துக்கொண்டார்கள். நாங்கள் திரும்பி வரும்வரை பெரிய மாற்றம் எதையும் செய்யாதீர்கள் என்று போனவர்கள் இவர்களிடம் எழுத்திலேயே வாங்கியிருந்தார்கள். அந்தத் தாளுக்கு எந்த மரியாதையும் கிடைக்கவில்லை. பாடப்புத்தகங்கள் 'மெய்ஜி சீர்திருத்தம்' என்று பட்டியல் போடுகிறவற்றில் பெரும்பகுதி இந்தக் காவல் அரசாங்கம் செய்ததுதான்.

முதலில் பஞ்சாங்கம். 1872 டிசம்பர் 9 அன்று ஓர் ஆணை வந்தது. பழைய சந்திர நாட்காட்டியின் 12ஆம் மாதம் 3ஆம் நாள், புதிய கணக்கில் 1873 ஜனவரி 1 ஆகிவிடும் என்றது அது. 23 நாள்தான் அவகாசம். ஆண்டின் கடைசி மாதம் இரண்டே நாளில் முடிந்துபோனது. ஆண்டுக் கடைசியில் கடன்களைத் தீர்த்துக் கணக்கு முடிப்பது அந்த ஊர் வழக்கம். கடன் கொடுத்தவன், வாங்கியவன் இரண்டு பேருக்குமே ஒரு மாதம் காணாமல் போயிற்று. அடுத்த ஆண்டுக்கான பஞ்சாங்கத்தை அச்சடித்து வைத்திருந்தவர்களின் முதலும் போயிற்று.

இவ்வளவு அவசரம் எதற்கு? காரணத்தைப் பின்னாளில் ஓகுமாவே வெளிப்படையாகச் சொன்னார். பழைய கணக்கில் அடுத்த ஆண்டு ஓர் அதிக மாதம் வருகிறது, அதாவது 13 மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அரசாங்கம் ஊழியர்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிச் சில காலமே ஆகியிருந்தது, கஜானாவோ காலி. சூரிய நாட்காட்டிக்கு மாறினால் அதிக மாதமும் இல்லை, இரண்டு நாளில் முடிந்த 12ஆம் மாதத்துக்கும் சம்பளம் இல்லை. மேற்கு நாடுகளோடு ஒத்துப்போவது என்ற நோக்கமும் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த 23 நாள் அவசரத்துக்குப் பணமுடை ஒன்றுதான் சரியான விளக்கம்.

ஜனவரியிலேயே பழைய ஐந்து பருவத் திருநாள்களின் அரசு அங்கீகாரமும் போயிற்று. அவற்றின் இடத்தில் பேரரசரின் பிறந்த நாளும், முதல் பேரரசர் எனப்படும் ஜிம்மு அரியணை ஏறிய நாளும் வந்தன. ஜிம்மு நாளுக்கு அரசு குறித்த தேதி ஜனவரி 29. பழைய கணக்கில் அன்றைக்குத்தான் வருடப் பிறப்பு! ஜனங்கள் அதைப் பழைய புத்தாண்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அரசு மறுபடி கணக்குப் போட்டு, அந்த நாளை பிப்ரவரி 11க்கு மாற்ற வேண்டியதாயிற்று. இன்றும் ஜப்பானில் அந்த நாள் விடுமுறை. கிராமங்களோ பல பத்தாண்டுகள்வரை விழாக்களைப் பழைய கணக்கிலேயே கொண்டாடின.

அந்த வசந்த காலத்தில் இன்னும் என்னென்னவோ நடந்தது. கொலைக்குப் பழிக்குப் பழி வாங்குவது பிப்ரவரி 7 அன்று குற்றமாக்கப்பட்டது. அதே மாதம் 24 அன்று, கிறிஸ்தவ மதத்தைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகைகள் தெருக்களிலிருந்து எடுக்கப்பட்டன. நாகசாகி பக்கத்து உரகாமியில், தலைமுறை தலைமுறையாக மறைவில் ஜெபித்துவந்த 3,300க்கும் மேற்பட்டவர்களை இந்தப் 'புதிய' அரசே நாடு முழுக்கச் சிதறடித்து நாடுகடத்தியிருந்தது. அவர்களில் 600க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்துபோனார்கள். மிச்சம் இருந்தவர்கள் 1873இல்தான் வீடு திரும்ப முடிந்தது. மார்ச்சில் 20 வயதுப் பேரரசர் குடுமியை வெட்டினார். 1872இல் எடுத்த படத்தில் அரசவை உடையில் இருப்பவர், 1873 அக்டோபர் படத்தில் ஐரோப்பிய ராணுவச் சீருடையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டையும் எடுத்தவர் உச்சிதா குயிச்சி என்ற ஒரே புகைப்படக்காரர். முடிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்து மகன். 1873 ஜனவரி 10 அன்று கட்டாய ராணுவச் சேவை ஆணை வந்தது. 20 வயதான ஆண் மூன்று ஆண்டு படையில் இருக்க வேண்டும், பிறகு நான்கு ஆண்டு கூப்பிட்டால் வரவேண்டும். திட்டத்தை முதலில் யோசித்த ஓமுரா மசுஜிரோ 1869இல் வெட்டப்பட்டுச் செத்தார். அதை நிறைவேற்றியவர் யமகதா அரிதோமோ. சாமுராய்கள் கொதித்தார்கள், ஏனென்றால் ஆயுதம் ஏந்தும் உரிமைதான் அவர்களுடைய பிறப்புரிமை. ஆணைக்கு முன்னோடியாக வந்த அரசு அறிக்கையோ அவர்களை, உழைக்காமல் உட்கார்ந்து தின்றவர்கள், ஆளைக் கொன்றாலும் தண்டனை இல்லாமல் திரிந்தவர்கள் என்று நேராகவே சாடியது. ஓர் அரசாங்கம் தன் சொந்த வர்க்கத்தைப் பற்றி இப்படி எழுதியதற்கு உலக வரலாற்றில் அதிக உதாரணம் கிடைக்காது.

ஆனால் சுமை விழுந்தது யார் தலையில்? குடும்பத் தலைவன், வாரிசு, ஒற்றை மகன், அரசு அதிகாரி, அரசுப் பள்ளி மாணவன் எல்லாருக்கும் விலக்கு. 270 யென் கட்டினாலும் விலக்கு. 270 யென் என்றால் ஒரு சிறு குடியானவனின் நிலம் முழுவதையும் விற்றால் வரும் தொகை (கணக்கைக் கீழே பார்ப்போம்). ஆக, பணமில்லாத வீட்டின் இரண்டாவது, மூன்றாவது மகன்கள்தான் சிக்கினார்கள். இளைய மகனை வாரிசு இல்லாத இன்னொரு வீட்டுக்குத் தத்துக் கொடுத்துப் படையிலிருந்து காப்பாற்றும் வழியை ஊர்கள் சீக்கிரமே கண்டுபிடித்தன.

ஆணைக்கு முன்னோடியாக வந்த அந்த அறிக்கையில், குடிமகன் தன் ரத்தத்தால் நாட்டுக்குக் கட்டும் வரி என்று ஒரு வாசகம் இருந்தது. அதோடு ஆயிரம் வதந்திகள் ஒட்டிக்கொண்டன. வெள்ளை உடுத்த ஒருவன் வந்து பிள்ளைகளின் ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டு போவான் என்றார்கள். மே மாதக் கடைசியில், இன்றைய ஒகயாமா மாவட்டத்தின் வடபகுதியான மிமசாகாவில் கிராமம் கிராமமாக மூங்கில் ஈட்டியோடு கிளம்பினார்கள். ஜூனில் வறட்சியில் தவித்த ஃபுகுவோகாவிலும், ஷிகோகு தீவின் சனுகியிலும் அதுவே நடந்தது. பள்ளிக்கூடங்கள் எரிந்தன. எல்லாப் பிள்ளையும் படிக்க வேண்டும் என்று 1872இல் ஆணை போட்ட அரசு, பள்ளி கட்டும் செலவையும் கட்டணத்தையும் ஊர்க்காரர் தலையிலேயே வைத்திருந்தது. 1873இல் பள்ளிக்குப் போன பிள்ளைகள் நூற்றுக்கு 28 பேர்தான்.

இந்தக் கிளர்ச்சிகளை ஏழைகளின் எழுச்சி என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. தோல் பதனிடுதல் முதலிய தொழில்களால் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த மக்களை 1871இல் ஓர் ஆணை சட்டப்படி மற்றவர்களுக்குச் சமமாக்கியிருந்தது. மிமசாகா கூட்டம் அவர்களுடைய குடியிருப்புகளுக்குள் புகுந்து, 'சமம் ஆனபிறகு திமிராக நடந்துகொண்டோம், மன்னியுங்கள், இனி பழையபடி இருப்போம்' என்று எழுதித் தரச் சொன்னது. த்சுகவாரா என்ற ஊர் பணியவில்லை. அங்கே 18 பேரைக் கொன்றார்கள். அந்த வட்டாரத்தில் ஒதுக்கப்பட்டவர்களின் வீடுகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. பின்னர் அரசு கலகக்காரர்களில் 15 பேரைத் தூக்குக்கும் வாளுக்கும் அனுப்பியது. மேலிருந்து தன்னை நசுக்கிய அரசை எதிர்த்த அதே கை, தனக்குக் கீழே இருந்தவன் நிமிர்ந்து நின்றதையும் பொறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் 1873 முழுதாகப் புரியும்.

இனி நிலம். என் பதிலின் மையம் இதுதான். 1873 ஜூலை 28 அன்று நிலவரிச் சட்டம் வந்தது. அதுவரை வரி என்பது விளைச்சலில் ஒரு பங்கு. அதை நெல்லாக, கிராமம் மொத்தமாகச் சேர்ந்து கட்டியது. விளைச்சல் பொய்த்தால் பேசிக் குறைத்துக்கொள்ள இடம் இருந்தது. இனிமேல் பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவன், நிலத்தின் மதிப்பில் 3 சதவீதத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். விளைந்தாலும் அதே கிஸ்தி, காய்ந்தாலும் அதே கிஸ்தி.

நிலத்தின் மதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? அதிகாரிகளுக்குக் கொடுத்த மாதிரிக் கணக்கு இன்றும் கிடைக்கிறது. ஒரு தான் நிலம், அதாவது ஏறக்குறைய 25 சென்ட். அதில் 1.6 கொகு அரிசி விளைகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு கொகு சுமார் 180 லிட்டர். கொகு 3 யென் வீதம் மொத்தம் 4 யென் 80 சென் (நூறு சென் ஒரு யென்). விதைக்கும் உரத்துக்கும் 15 சதவீதம், 72 சென் கழிக்கிறார்கள். நிலவரி 1 யென் 22.4 சென், ஊர்வரி 40.8 சென் போகிறது. மிச்சம் 2 யென் 44.8 சென். இது 6 சதவீத வட்டி தரும் முதலுக்குச் சமம் என்று கொண்டால் நிலத்தின் மதிப்பு 40 யென் 80 சென். அதில் 3 சதவீதம் போட்டுப் பாருங்கள், மறுபடி அதே 1 யென் 22.4 சென் வரும். முதலில் எடுக்க வேண்டிய தொகையைத் தீர்மானித்துவிட்டு, அது வரும்படி மதிப்பைக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் கழித்த செலவுகளை மறுபடி பாருங்கள். விதை இருக்கிறது, உரம் இருக்கிறது. உழுதவன் கூலி எங்கே? நாற்று நட்டவள் கூலி எங்கே? எங்கும் இல்லை. ஒரு குடும்பம் வருடம் முழுக்கச் சிந்திய உழைப்புக்கு அரசின் தாளில் பூஜ்யம். நிலவரியும் ஊர்வரியும் சேர்ந்து விளைச்சலில் 34 சதவீதம். இது பழைய நெல்வரி வருமானம் குறையாதபடி பார்த்துப் போட்ட கணக்கு.

குத்தகை நிலத்துக்கு இன்னொரு மாதிரிக் கணக்கு இருக்கிறது. குத்தகைக்காரன் விளைச்சலில் 68 சதவீதத்தை நிலக்காரனிடம் அளக்கிறான் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதில் பாதி அரசுக்கும் ஊருக்கும், பாதி நிலக்காரனுக்கு. விதை, உரம், உழைப்பு, சாப்பாடு எல்லாவற்றுக்கும் குத்தகைக்காரன் கையில் நிற்பது 32. நிலக்காரன் அரசுக்கு ரொக்கம் கட்டினான், குத்தகைக்காரன் நிலக்காரனுக்கு நெல்லாகவே அளந்துகொண்டிருந்தான். நெல் விலை ஏறினால் லாபம் முழுதும் நிலக்காரனுக்கு.

இதே கணக்கில்தான் அந்த 270 யென்னையும் பார்க்க வேண்டும். ஒரு தான் நிலம் 40.80 யென் என்றால், ஒரு மகனைப் படையிலிருந்து மீட்க ஆறரைத் தானுக்கு மேல், சுமார் 1.6 ஏக்கர் நிலம் போக வேண்டும்.

சட்டத்தில் ஒரு வாக்குறுதியும் இருந்தது. தேயிலை, புகையிலை முதலிய பொருள்கள்மீது போடும் வரி 20 லட்சம் யென்னைத் தாண்டும்போது நிலவரியை 1 சதவீதத்துக்கு இறக்குவோம் என்றது ஆறாவது பிரிவு. அந்த வாக்குறுதி என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

புதிய அரசின் வரி வருமானத்தில் மிகப் பெரும்பகுதி இந்த நிலவரிதான். ரயில், தந்தி, கப்பல் தளம், ஆயுதச்சாலை எல்லாம் இதில் வந்தவை. ஜப்பான் 'எப்படி இவ்வளவு வேகமாக வளர்ந்தது' என்று வியக்கிறவர்கள் அந்த 25 சென்ட் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு லண்டனில் 7 சதவீத வட்டிக்கு 24 லட்சம் பவுண்டு கடனும் வாங்கினார்கள். சாமுராய்களுக்குப் பரம்பரையாகக் கொடுத்துவந்த மானியத்தை விலைக்கு வாங்கி முடிக்க அந்தப் பணம் தேவைப்பட்டது. டிசம்பரில் அந்த மானியத்துக்கே வரியும் போட்டார்கள்.

கடைசியாக அக்டோபர். ஐரோப்பா போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஓகுபோ மே மாதம் வந்தார், கிதோ ஜூலையில். சூயஸ் வழியாகக் கிளம்பி, இலங்கையின் காலித் துறைமுகத்தைத் தொட்டு, இவகுரா செப்டம்பர் 13 அன்று யோகோஹாமாவில் இறங்கினார். அதற்குள் சைகோவைக் கொரியாவுக்குத் தூதராக அனுப்ப ஆகஸ்டிலேயே முடிவாகியிருந்தது. புதிய ஜப்பானிய அரசின் கடிதங்களைக் கொரியா 1868 முதலே ஏற்க மறுத்துவந்தது, ஏனென்றால் அவற்றில் சீனப் பேரரசர் ஒருவருக்கே உரியவை என்று கொரியா கருதிய சொற்கள் இருந்தன. சைகோ இதகாகிக்கு எழுதிய கடிதங்களில், நான் போனால் அவர்கள் என்னைக் கொல்வார்கள், அப்போது போருக்குக் காரணம் கிடைக்கும் என்கிறார். அவர் உண்மையில் சமாதானமாகப் பேசவே போக நினைத்தார், போர்க்கட்சியைத் தன்பக்கம் இழுக்க அப்படி எழுதினார் என்று வாதாடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடிதங்களை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்வதே சரியாகப் படுகிறது. சாகும் விருப்பம் அந்த மனிதரிடம் இளமையிலிருந்தே இருந்தது.

ஓகுபோ எதிர்த்தார். கஜானாவில் பணமில்லை, வெளிநாட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது, நாம் கொரியாவோடு மோதினால் லாபம் ரஷ்யாவுக்கு என்பது அவர் வாதம். சைகோவும் அவரும் ககோஷிமாவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவர்கள். மோதலில் இறங்குவதற்கு முன் ஓகுபோ அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த தன் மகன்களுக்கு மரண சாசனம் போல ஒரு கடிதம் எழுதி வைத்தார்.

அக்டோபர் 14, 15 தேதிகளில் மந்திராலோசனை. முடிவு சைகோ பக்கம். 17 அன்று ஓகுபோவும் கிதோவும் ராஜினாமா கொடுத்தார்கள், இவகுராவும் விலகுவதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் இழுத்ததில், தலைமை மந்திரி சான்ஜோ 18 அன்று நோயில் விழுந்தார். அவர் இடத்தில் தற்காலிகமாக இவகுரா வந்தார். 22 அன்று சைகோவும் இதகாகியும் எதோவும் வெளியுறவு மந்திரி சொயெஜிமாவும் அவர் வீட்டுக்கே போய், மந்திரிசபை முடிவைப் பேரரசரிடம் சொல்லுங்கள் என்றார்கள். சபையின் முடிவோடு என் சொந்தக் கருத்தையும் சொல்வேன் என்றார் இவகுரா. 24 அன்று பேரரசர் இவகுராவின் கருத்தையே ஏற்றார். சபையில் தோற்றவர்கள் அரண்மனையில் ஜெயித்தார்கள். சைகோ ஊருக்குக் கிளம்பினார், மற்ற மூவரும் விலகினார்கள், படையிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் பின்னால் போனார்கள். நவம்பரில் உள்துறை அமைச்சகம் என்ற புதிய துறை பிறந்தது, அதன் தலைவர் ஓகுபோ.

இதைச் சமாதானக் கட்சி போர்க் கட்சியை வென்ற கதையாகச் சொல்வது வழக்கம். அடுத்த வருடமே இந்தச் 'சமாதானக்காரர்கள்' தைவானுக்குப் படை அனுப்பினார்கள். 1875இல் கொரியக் கடலில் பீரங்கி வெடித்தது, 1876இல் மிரட்டி ஒப்பந்தம் வாங்கியாயிற்று. கொரியாவை என்ன செய்வது என்பதில் இரு தரப்புக்கும் வெகு தூரம் இல்லை. எப்போது, யார் கையால் என்பதில்தான் சண்டை.

விலகியவர்கள் இரண்டு வழியில் போனார்கள். 1874 ஜனவரியில் இதகாகியும் எதோவும் மற்றவர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட எதோ, அடுத்த மாதமே சாகாவில் கலகக்காரர்களுக்குத் தலைவரானார். நீதித்துறையை உருவாக்கிய அந்த மனிதரை ஏப்ரலில் அவசர விசாரணை நடத்தித் தலையை வெட்டிப் பொதுவில் வைத்தார்கள். 1877இல் சைகோவின் சத்சுமா சாமுராய்கள் எழுந்தபோது, அவர்களைக் குமமோத்தோ கோட்டையில் ஐம்பது நாளுக்கு மேல் தடுத்து நிறுத்தியது, 1873 ஆணையின்படி வயலிலிருந்து பிடித்துக்கொண்டுபோன குடியானவப் பிள்ளைகள் நிறைந்த படை. அந்த ஆண்டு ஜனவரியில் அரசு நிலவரியை 2.5 சதவீதமாகக் குறைத்திருந்தது. முந்தின மாதம் இசே வட்டாரத்தில் குடியானவர்கள் மூங்கில் ஈட்டி எடுத்ததுதான் காரணம். சாமுராயும் குடியானவனும் ஒரே நேரத்தில் எழுந்தால் தாங்காது என்று ஓகுபோவுக்குத் தெரிந்திருந்தது.

மனுவின் வழி 1889 அரசியல் சட்டத்திலும் 1890 முதல் தேர்தலிலும் போய் நின்றது. அந்தத் தேர்தலில் வாக்களிக்க 25 வயதான ஆணாக இருக்க வேண்டும், நேரடி வரி 15 யென் கட்ட வேண்டும். 2.5 சதவீதக் கணக்கில் மாதிரி நிலத்துக்கு ஒரு தானுக்கு வரி 1 யென் 2 சென், ஆகவே சுமார் மூன்றரை ஏக்கர் நல்ல நஞ்சை வைத்திருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. நாட்டில் நூற்றுக்கு ஒருவர். குத்தகைக்காரனுக்கு அங்கே இடமே இல்லை. அப்படித் தேர்வாகி வந்த நிலக்காரர்கள் முதல் நாடாளுமன்றங்களில் எழுப்பிய பெரிய கோரிக்கை, நிலவரியைக் குறை என்பது. 1873இல் சொன்ன 1 சதவீதம் வரவே இல்லை. ஆறாவது பிரிவைப் பின்னால் வந்த சட்டம் ஓசையில்லாமல் கழற்றிவிட்டது. 1898இல் நிலவரி 3.3 சதவீதமாக உயர்ந்தது.